இரத்தத்தோடு வரும் நோயும் இரத்த பந்தத்தின் கடமையும்

 

முன்னுரை



நாற்பது வயதில் ஒருவர் மாரடைப்பால் மவ்த்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தால், மய்யித்தைக் குளிப்பாட்டி முடிப்பதற்கு முன்பே நாம் காரணம் தேடத் தொடங்கிவிடுகிறோம். "கறியும் நெய்யுமாகச் சாப்பிட்டார், நடப்பதே கிடையாது" என்று ஒருவர் சொல்வார். "அதெல்லாம் ஒன்றுமில்லை, அல்லாஹ் எழுதியது அவ்வளவுதான்" என்று இன்னொருவர் பேச்சை முடித்துவிடுவார்.

முதல் பேச்சு இறந்தவர் மீது பழியைப் போடுகிறது. இரண்டாவது பேச்சு உயிரோடு இருப்பவர்களின் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறது. இறந்தவரின் தம்பியும் மகனும் அதே ஜனாஸாவில் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பிறப்போடு வந்த ஒன்றுக்கு மனிதன் பொறுப்பாளியா? இல்லை என்றால், அவனுடைய பொறுப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது? இந்தக் கேள்வியை அரபு மக்களிடையே இரத்தக் கொழுப்பு பற்றி நடந்த ஆய்வுகளை முன்வைத்து இன்று சிந்திப்போம். ஏனெனில் பரம்பரையாக வரும் கொழுப்பு நோயின் விதியை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவை அரபுக் குடும்பங்களே.

கொழுப்பு எப்படிச் சேர்கிறது?

கொலஸ்ட்ரால் என்றாலே சாப்பாட்டில் இருந்து வருவது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் நம் உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரிக்கிறது. அது உடலுக்குத் தேவையான பொருள். உயிரணுக்களின் சவ்வில் அதற்குப் பங்கு உண்டு, சில ஹார்மோன்களும் அதிலிருந்தே உருவாகின்றன. தேவைக்கு மேல் இரத்தத்தில் தங்கும்போதுதான் அது இரத்தக் குழாயின் சுவரில் படிந்து வழியை அடைக்கிறது.

இரத்தத்தில் கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுப்பதற்காகக் கல்லீரலின் உயிரணுக்கள் மீது அல்லாஹ் சிறு சிறு கொக்கிகளைப் போன்ற புரதங்களை அமைத்திருக்கிறான். இந்தக் கொக்கிகளைக் கண்டறிந்து விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்களுக்கு 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கொக்கியைச் செய்வதற்கான குறிப்பு நம் மரபணுவில் இருக்கிறது. தந்தையிடமிருந்து ஒரு பிரதி, தாயிடமிருந்து ஒரு பிரதி. ஒரு பிரதியில் பழுது இருந்தால் வேலை செய்யும் கொக்கிகள் ஏறத்தாழ பாதியாகக் குறைகின்றன. அதனால் கெட்ட கொழுப்பு பிறந்த நாள் முதலே மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அளவில் இருக்கும். இரண்டு பிரதிகளும் பழுதானால் நான்கு மடங்கும் அதற்கு மேலும் போகும். அப்படிப்பட்ட குழந்தைக்கு முழங்கையிலும் முழங்காலிலும் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள் தோன்றும். சிகிச்சை இல்லாவிட்டால் விளையாடும் வயதிலேயே மாரடைப்பு வரலாம். அந்தக் குழந்தை எந்த விருந்துக்குப் போய் என்ன சாப்பிட்டது?

பெய்ரூத்தில் வெளிவந்த உண்மை

லெபனான் தலைநகர் பெய்ரூத்தில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அவேதிஸ் கச்சதூரியன் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்தார். குழந்தையை மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல் பெற்றோர், உடன்பிறந்தோர், சொந்தங்கள் என்று குடும்பம் குடும்பமாக இரத்தத்தைப் பரிசோதித்தார். சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் வழக்கம் இருந்ததால், பழுதான பிரதி இரண்டு பக்கமிருந்தும் ஒரே பிள்ளையிடம் வந்து சேரும் நிலை அந்தக் குடும்பங்களில் இருந்தது.

1964ஆம் ஆண்டு அவர் தம் ஆய்வை வெளியிட்டார். ஒரே குடும்பத்தில் கொழுப்பு இயல்பாக இருப்பவர்கள், ஏறத்தாழ இரண்டு மடங்கு உள்ளவர்கள், நான்கு மடங்கு உள்ளவர்கள் என்று மூன்று பிரிவினர் தெளிவாகப் பிரிந்து நின்றார்கள். ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே தஸ்தர்கான். ஆனாலும் இரத்தம் மூன்று விதம். சாப்பாட்டை மட்டும் காரணமாகக் காட்டி இதை விளக்க முடியாது.

அந்தப் பழுது எது என்பது 1987ஆம் ஆண்டு தெரியவந்தது. 839 கண்ணிகள் கொண்ட சங்கிலியாக உருவாக வேண்டிய அந்தக் கொக்கி, மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் 660ஆவது இடத்திலேயே அறுந்துவிடுகிறது. அறுந்த கொக்கி உயிரணுவின் மேற்பரப்புக்கு வராமல் உள்ளேயே தேங்கிப் போகிறது. மருத்துவ உலகம் இதற்கு 'லெபனான் மரபணு வடிவம்' என்றே பெயர் வைத்தது.

வளைகுடாவின் நிலையும் கவனிக்க வேண்டியது. சவூதி அரேபியா, ஓமான், ஐக்கிய அரபு அமீரகம், குவைத், பஹ்ரைன் ஆகிய 5 நாடுகளின் மருத்துவமனைகளுக்கு வந்த 34,000க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்ததில், ஏறத்தாழ 112 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் கொழுப்பு நோய் இருக்கக்கூடும் என்று கணக்கிட்டார்கள். உலக அளவில் இது 250 முதல் 300 பேரில் ஒருவர் என்கிறார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கை ஊரின் கணக்கோடு அப்படியே ஒப்பிட முடியாது என்றாலும், எண்ணிக்கை சிறியதல்ல என்பது புரிகிறது.

எந்தக் குலத்துக்கும் இதில் இழிவு இல்லை

ஒரு நாட்டின் பெயரை நோய்க்கு வைத்ததைப் பார்த்து, அந்த நாட்டு மக்களிடம் ஏதோ குறை இருக்கிறது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினர், கனடாவின் பிரெஞ்சு மக்கள், பின்லாந்து மக்கள் ஆகியோரிடமும் இதே நோயை உண்டாக்கும் தனித்தனிப் பழுதுகள் காணப்பட்டுள்ளன. எங்கெல்லாம் ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெரிய சமுதாயம் பெருகியதோ, அங்கெல்லாம் முன்னோர் ஒருவரிடம் இருந்த மாற்றம் வழிவழியாகப் பரவுகிறது.

அரபிகள் வம்சத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள். பத்துத் தலைமுறைப் பெயர்களைத் தங்குதடையின்றிச் சொல்வார்கள். அந்த வம்சப் பெருமையைத்தான் நபி (ஸல்) அவர்கள் காலின் கீழ் போட்டு மிதித்தார்கள். இறையச்சம் ஒன்றைத் தவிர வேறு எதைக் கொண்டும் ஒருவர் மற்றவரைவிட உயர முடியாது என்று போதித்தார்கள். பெயர் தெரிந்த பாட்டனாரிடமிருந்து வீரம் வந்தது என்று பெருமைப்படுபவர், அதே பாட்டனாரிடமிருந்து பழுதான மரபணுவும் வந்திருக்கலாம் என்பதை அறிந்தால் பெருமையடிக்க இடம் எங்கே இருக்கிறது?

ஒட்டகத்தைக் காட்டி நபிகளார் நடத்திய பாடம்

பரம்பரை பற்றி இன்றைய விஞ்ஞானம் பேசுவதற்கு முன்பே, மதீனாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

பனூ ஃபஸாரா குலத்தைச் சேர்ந்த ஒரு கிராமவாசி நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். தம் மனைவிக்குக் கறுப்பு நிறத்தில் ஆண் குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னார். அந்தக் குழந்தை தம்முடையதுதானா என்ற சந்தேகம் அவருடைய பேச்சில் ஒளிந்திருந்தது. நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவரிடம் ஒட்டகங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார்கள். இருக்கின்றன என்றார். அவற்றின் நிறம் என்ன என்று கேட்டார்கள். சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறமும் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். அது எப்படி வந்தது என்று கேட்டபோது, முந்தைய பரம்பரையின் வேர் ஏதேனும் இழுத்திருக்கலாம் என்றார் அவர். அப்படியானால் உன் மகனையும் ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள்.

பரம்பரை என்ற உண்மையை நபியவர்கள் எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு பெண்ணின் மீது விழ இருந்த பழியைத் துடைப்பதற்காக! ஒரு குழந்தை தந்தையை இழந்துவிடாமல் காப்பதற்காக! பரம்பரை அறிவு நம் கையில் கிடைக்கும்போது நாமும் அதை இந்த வழியில்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளைக்கு நோய் என்றால் மருமகளைக் கைகாட்டுகிறோம். "எங்கள் குடும்பத்தில் இப்படி யாருக்கும் கிடையாது, நீ கொண்டு வந்ததுதான்" என்கிறோம். இரண்டு பிரதியும் பழுதாகி வரும் நோய்க்குத் தாயும் தந்தையும் சமமாகவே பங்களிக்கிறார்கள். அதுவும் அவர்கள் அறியாமல், விரும்பாமல் நடப்பது. தான் அறியாமல் சுமந்த ஒன்றுக்காக ஒரு பெண்ணைக் குத்திக் காட்டுவது, அந்தக் கிராமவாசியின் சந்தேகத்தைவிடக் கொடியது. அவராவது கேட்டுத் தெளிந்து போனார்.

நோயைக் கண்டதும் "என்ன பாவம் செய்தாரோ" என்று பேசுவதும் இதே வகைதான். நபி அய்யூப் (அலை) அவர்களுக்கு வந்த நோயை அல்லாஹ்வின் கோபம் என்று நம்மில் யாராவது சொல்வோமா?

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு கொழுப்போடு தொடர்புடைய பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு அடையாளம் காணப்பட்டது. அந்தப் பணியில் முன்னின்றவர்களில் கெய்ரோவில் பிறந்த நபீல் ஸைதாவும், லெபனானைச் சேர்ந்த மரியான் அபீஃபாதெலும் உண்டு. இந்த மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தால் கல்லீரலின் கொக்கிகள் சீக்கிரம் அழிந்து கொழுப்பு ஏறுகிறது. சிலருக்கோ பிறவியிலேயே இது வேலை செய்வதில்லை. அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் கெட்ட கொழுப்பு குறைவு, மாரடைப்பும் மிகக் குறைவு. எண்பது வயதிலும் நெய்ச்சோறு சாப்பிட்டுத் தெம்பாக நடப்பவர், "நான் ஒழுங்காக இருந்தேன்" என்று மார்தட்ட வேண்டாம். அது அவர் சம்பாதித்ததல்ல. அல்லாஹ் கொடுத்தது. ஷுக்ரு செய்யட்டும்.

விதி என்று உட்கார்ந்துவிடலாமா?

"இரத்தத்திலேயே எழுதியாகிவிட்டது, இனி என்ன செய்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம்.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிப் பயணம் செய்தபோது, ஸர்க் என்ற இடத்தில் அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. ஆலோசனை செய்து திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் தந்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமையாகவும் மறு கரை வறண்டும் இருந்தால், ஒட்டகத்தைப் பசுமையான கரையில் மேய்ப்பதும் விதிப்படியே என்று உதாரணமும் காட்டினார்கள். பிறகு அங்கு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), இதற்குச் சாதகமாகத் தாம் நபிகளாரிடம் கேட்டதை எடுத்துச் சொன்னார்கள்.

பழுதான மரபணு கத்ர் என்றால் அதற்கான மருந்தும் கத்ர்தான். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து ஸ்டாட்டின் வகையின் முதல் மருந்தைப் பிரித்தெடுத்தார். இந்த வகை மாத்திரை ஒன்று 1987 முதல் விற்பனைக்கு வந்தது. இன்று மலிவாகவே கிடைக்கிறது. ஒரு பிரதி பழுதான ஆண்களில், சிகிச்சை இல்லாவிட்டால் ஏறத்தாழ பாதிப்பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வருகிறது. இளமையிலேயே கண்டுபிடித்து மாத்திரை தொடங்கியவர்களில் பலர் மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியுள்ளான் என்றும், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றும் நபியவர்கள் கற்பித்திருக்கும்போது, இந்த மாத்திரையைத் தேடிப் பெறுவது தவக்குலுக்கு எதிரானது ஆகாது.

இன்னொரு கூட்டத்தாருக்கும் ஒரு வார்த்தை. "எங்கள் பரம்பரையே இப்படித்தான்" என்று சொல்லி வாய்க்குப் பூட்டு இல்லாமல் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். கொழுப்பு ஏறியவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இப்படி ஒற்றை மரபணுப் பழுது கிடையாது. சிறு சிறு பாதிப்புத் தரும் பல மரபணு வேறுபாடுகளும், உணவும், உடல் எடையும், சர்க்கரையும் சேர்ந்தே அவர்களின் கொழுப்பைத் தீர்மானிக்கின்றன. வளைகுடா நாடுகளில் பேரீச்சம்பழமும் ஒட்டகப் பாலும் மீனும் உண்டு, வெயிலில் உழைத்து வாழ்ந்தவர்களின் பேரர்கள், எண்ணெய் வளம் வந்த பிறகு காரிலும் குளிரூட்டிய அறையிலும் வாழ்கிறார்கள். உலகில் உடல் பருமனும் சர்க்கரை நோயும் மிகுந்த நாடுகளின் வரிசையில் அந்த நாடுகள் நிற்கின்றன. இரண்டு தலைமுறையில் மரபணு மாறிவிடவில்லை. தட்டு மாறியது, நடை குறைந்தது. உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் சொன்னது மரபணு நல்லவர்களுக்கும் சேர்த்துத்தான். பிறவிப் பழுது உள்ளவருக்கோ உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

என் இரத்தப் பரிசோதனை எனக்கு மட்டும் சொந்தமா?

அன்பிற்குரிய சகோதரர்களே! இந்த உரையின் உயிரான பகுதிக்கு வருகிறோம்.

ஒருவருக்கு இந்த நோய் உறுதியானால், அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அதே அளவு வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. வலி இருக்காது, மயக்கம் இருக்காது. பலருக்கு முதல் அறிகுறியே மாரடைப்புதான்.

மருத்துவர் உங்களுக்குச் சொல்வார். உங்கள் தம்பிக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அவர் மீது கடமை. ஆக, உங்கள் தம்பிக்கும் அக்காவுக்கும் பெரியப்பா பிள்ளைகளுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அது நீங்கள்.

உறவைப் பேணுவதை நாம் எப்படிப் புரிந்து வைத்திருக்கிறோம்? பெருநாளைக்குப் போவது, கல்யாணத்துக்குச் சீர் செய்வது, நோயுற்றால் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பது. இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் அரபியில் உறவுக்கு வைத்த பெயரே 'ரஹிம்', அதாவது கருவறை. எந்தக் கருவறையின் வழியாக உங்களுக்கு அந்த மரபணு வந்ததோ, அதே வழியாக வந்தவர்களுக்குத்தான் இந்தச் செய்தியைப் பெறும் உரிமை இருக்கிறது. உறவைச் சேர்ந்து வாழ்பவருக்கு ரிஸ்க் விசாலமாகும், ஆயுள் நீளும் என்பது நபிகளார் தந்த நற்செய்தி. ஆயுள் நீள்வதன் பொருளை அறிஞர்கள் பலவாறு விளக்கியிருக்கிறார்கள். ஓர் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையால் தம்பி பரிசோதனை செய்து, மாத்திரை எடுத்து, தன் பிள்ளைகளின் நிக்காஹைக் கண்ணால் பார்ப்பதை நாம் வெளிப்படையாகவே காண முடிகிறது.

அப்படியிருந்தும் ஏன் மறைக்கிறோம்? மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, "பயந்துவிடுவார்கள்". பயம் ஒரு வாரம் இருக்கும். மருந்து இல்லாத நோய் என்றால் இந்த வாதத்தை யோசிக்கலாம். மருந்து இருக்கும் நோயை மறைப்பது அன்பு ஆகாது.

இரண்டாவது, "அவனோடு எனக்குப் பேச்சுவார்த்தையே இல்லை". சொத்துப் பிரிவினையில் முறிந்த உறவு. பத்து வருடமாக ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. சகோதரர்களே! பதிலுக்குப் பதில் செய்பவர் உறவைப் பேணுபவர் அல்ல, முறித்தவரோடு சேர்பவரே உறவைப் பேணுபவர் என்று நபியவர்கள் நமக்கு விளக்கியிருக்கிறார்கள். நிலத்தில் பங்கு யாருக்கு எவ்வளவு என்பதில் நீங்கள் சரியாகவும் இருக்கலாம். ஆனால் இந்த மரபணுவில் அவருக்கும் பங்கு இருக்கலாம் என்று தெரிந்தும் வாய் மூடி இருந்தால், நாளை அவருடைய ஜனாஸாவில் எந்த முகத்தோடு நிற்பீர்கள்? பேச மனம் வரவில்லையா? உங்கள் மனைவி மூலமாகச் சொல்லுங்கள். ஒரு பெரியவர் மூலமாகச் சொல்லுங்கள். மருத்துவரின் சீட்டை ஒரு நகல் எடுத்துக் கொடுத்து அனுப்புங்கள்.

மூன்றாவது காரணமே மிகக் கடினமானது. "வெளியே தெரிந்தால் என் மகளுக்கு மாப்பிள்ளை வருமா?"

திருமணப் பேச்சில் உண்மை

இந்தப் பயத்தை நான் இலேசாகப் பேசவில்லை. அரபு நாடுகளிலும் சரி, மாமன் மகள், அத்தை மகள் திருமணம் வழக்கமாக உள்ள நம் ஊர்களிலும் சரி, ஒரு வீட்டில் நோய் என்று பெயர் விழுந்தால் அந்த வீட்டுப் பெண்களின் வாழ்க்கை அடிபடுகிறது. இந்தப் பாவத்தில் மறைப்பவருக்கு முன்பாகவே, மறைக்க வைக்கும் சமுதாயத்துக்குப் பங்கு இருக்கிறது. இரகசியமாகச் சொன்னதை ஊர் முழுக்கப் பரப்பியவர்கள் இருக்கும் வரை, சொல்ல வேண்டியவர் எப்படி வாய் திறப்பார்? ஒருவர் நம்மிடம் சொன்னது அமானத். அதைப் பரப்புவது புறம்.

ஆனாலும் திருமணம் செய்யப் போகிறவருக்கு உண்மையை அறியும் உரிமை இருக்கிறது. தானியக் குவியலின் மேலே காய்ந்ததை வைத்து, உள்ளே ஈரமானதை மறைத்த வியாபாரியை நபியவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை அறிவோம். தானியத்துக்கே அப்படி என்றால், பிறக்கப்போகும் பிள்ளைகளை உள்ளடக்கிய ஓர் ஒப்பந்தத்தில் எப்படி மறைக்கலாம்? ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவரின் ஏழ்மையையும் மற்றவரின் கடுமையையும் நபியவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். உரிய நபரிடம், உரிய தேவைக்காகச் சொல்வது புறம் ஆகாது.

சொந்தத்தில் திருமணம் செய்வதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது. நபியவர்கள் தம் அத்தை மகள் ஸைனப் (ரலி) அவர்களை மணந்தார்கள். அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராம் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. நெருங்கிய சொந்தத்தில் மணந்தால் பிள்ளைகள் பலவீனமாவார்கள் என்று நபிமொழியாகச் சிலர் சொல்வதும் ஆதாரப்பூர்வமானதல்ல என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். ஆனால் அனுமதி என்பது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லும் கட்டளை இல்லை. மணமக்கள் இருவருக்கும் இந்த நோய் இருக்கிறது என்றால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிரதியும் பழுதாகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதை நிக்காஹுக்கு முன் அறிந்துகொள்ள ஓர் இரத்தப் பரிசோதனை போதும், சந்தேகம் இருந்தால் மரபணுப் பரிசோதனையும் செய்யலாம்.

சவூதி அரேபியாவில் திருமணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை சொந்தத்துக்குள் நடப்பதாக ஆய்வுகள் கூறியுள்ளன. அங்கே பரம்பரை இரத்த நோய்களான தலசீமியா, அரிவாள் அணுச் சோகை ஆகியவற்றுக்குத் திருமணத்துக்கு முந்தைய பரிசோதனை 2004ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. முடிவைச் சொல்வார்கள், திருமணத்தைத் தடுக்க மாட்டார்கள். தொடக்கத்தில் ஆபத்து என்று சொல்லப்பட்ட ஜோடிகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு ஜோடியே பின்வாங்கியது. ஐந்தாண்டுகளில் அது ஏறத்தாழ பாதியாக உயர்ந்தது. யாரும் தண்டிக்கப்படாமல், அறிவும் பழக்கமும் வளர்ந்ததால் வந்த மாற்றம் இது. இரத்தக் கொழுப்பு நோய் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு மருந்தும் இருப்பதால் இந்த நோயைச் சொல்லித் திருமணத்தை நிறுத்த வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. உண்மையைச் சொல்லி, மாத்திரையோடு வாழ்க்கையைத் தொடங்கினால் போதும்.

நாம் செய்ய வேண்டியவை

உங்கள் குடும்பத்தில் ஆண்களில் 55 வயதுக்கு முன்பும், பெண்களில் 60 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால், இரத்தக் கொழுப்பைப் பரிசோதியுங்கள். எல்.டி.எல். 190 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது பரம்பரைக் கொழுப்பாக இருக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உறுதியானால் பிள்ளைகளையும் சிறு வயதிலேயே பரிசோதியுங்கள். தேவைப்படும் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 வயதிலேயே மருத்துவர்கள் மாத்திரை தொடங்குகிறார்கள்.

உடன்பிறந்தவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். உங்களிடம் ஒருவர் சொன்னால், நன்றி சொல்லிப் பரிசோதனை செய்யுங்கள். அடுத்தவரிடம் பேசாதீர்கள்.

மாரடைப்பில் இறந்தவர் வீட்டுக்குச் சென்றால், அவர் என்ன சாப்பிட்டார் என்று ஆராயாதீர்கள். அவருக்காக துஆ செய்யுங்கள். பிறகு அவருடைய சகோதரரைத் தனியே அழைத்து, ஒரு பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

எங்கள் இறைவனே! நாங்கள் தேர்ந்தெடுக்காமல் எங்களுக்கு வந்தவற்றில் பொறுமையைத் தருவாயாக! எங்கள் கையில் இருப்பவற்றில் பொறுப்பைத் தருவாயாக! முறிந்து கிடக்கும் எங்கள் உறவுகளைச் சேர்த்து வைப்பாயாக! எங்கள் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக! இளம் வயதில் எங்களைப் பிரிந்தவர்களின் கப்ரை விசாலமாக்குவாயாக! ஆமீன்.